அக்காவின் ஆறு வேளை

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை, தையற்கடை மாஸ்டர் என் அக்கா தைத்துக் கொடுத்த பன்னிரண்டு சட்டைகளையும் ஒரு பையில் போட்டு அவள் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் அவளும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பாள். நான் ஒரு சட்டையை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். துளை ஓரிடத்தில், பட்டன் அரை விரற்கடை தள்ளி இன்னோரிடத்தில். போட்டுக்கொண்டால் கழுத்து கோணிக்கொண்டு நிற்கும். பன்னிரண்டும் அதே லட்சணம்.

அக்கா பதினாறு வருஷமாக அந்தக் கடைக்குக் காஜா எடுத்துப் பட்டன் வைக்கிறாள். சட்டையில் பட்டன் நுழைகிற துளையின் ஓரத்தை நூலால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டுவதுதான் காஜா. கண்ணும் விரலும் ஒன்றாகப் போக வேண்டிய வேலை. தெருவில் அவளுக்குக் காஜா அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவள் கையில் ஒரு இழை பிசகி நான் பார்த்ததில்லை.

"என்னக்கா இது?"

"வெளிச்சம் பத்தலடி."

மணி பகல் பதினொன்று. வாசற்படியில் உட்கார்ந்திருந்தோம். வெயில் என் கண்ணைக் கூச வைத்துக்கொண்டிருந்தது.

நான் இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறேன். ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர் வேலை. எனக்குப் பொறுமை கிடையாது என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அன்றைக்கு மட்டும் அந்தக் குணம் உபயோகப்பட்டது. "புடவை மாத்திக்கறேன், தலை வாரிக்கறேன்" என்றவளை வாரிய தலையும் வாராத தலையுமாகக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு, உட்கார வைத்து, வெளிச்சம் அடித்து, படம் எடுத்து, கடைசியில் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். டாக்டர்கள் நாற்காலியை இழுத்தால் நல்ல செய்தி இருக்காது. இடது கண்ணின் விழித்திரை ரொம்ப நாளாகவே கெட்டுக்கொண்டு வந்திருக்கிறது. அதில் இனிப் பெரிதாக எதையும் மீட்க முடியாது. வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. அதை ஆபரேஷன் செய்து காப்பாற்றலாம். ஆனால் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி பத்தரையில் நிற்கிறது.

"மூணு மாசத்துல எட்டுக்குக் கீழ கொண்டு வாங்க. உடனே தேதி குடுக்கறேன். இப்படியே போச்சுன்னா இந்தக் கண்ணுக்கும் நான் பொறுப்பில்லம்மா."

அக்கா தலையாட்டினாள். வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். எந்தப் படி எங்கே முடிகிறது என்று தெரியவில்லை அவளுக்கு.

அவளுக்குச் சர்க்கரை என்று ஆறு வருஷத்துக்கு முன்பே தெரியும். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாள். இனிப்பைத் தொடுவதில்லை. சாப்பாடும் கோழி கொத்துகிற மாதிரிதான். அப்படியும் பத்தரை எப்படி வரும்? எனக்குத் தெரிந்த ஒரே பதில், ஒளித்து வைத்துத் தின்கிறாள் என்பதுதான். மறுநாள் அவள் கடைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துப் போய், சமையலறை அலமாரியை மேலிருந்து கீழ் வரை குடைந்தேன். மாவு டப்பாவுக்குள் கையை விட்டுத் துழாவினேன். கிடைத்தது அவள் மகளுடைய அரைப் பொட்டலம் உலர்ந்த திராட்சை. முழங்கை வரை மாவோடு நான் நிற்கும்போது அக்கா உள்ளே வந்தாள்.

"என்னடி தேடற?"

"நீ திருட்டுத்தனமா எதைத் திங்கறன்னு தேடறேன்."

அவள் ஒரு துணியை எடுத்து என் கையைத் துடைத்துவிட்டாள். அதற்கு அவள் என்னை ஒரு அறை விட்டிருக்கலாம்.

கண் டாக்டர் அனுப்பிய சர்க்கரை டாக்டர் ஒரு அம்மாள். என் வயதுதான் இருக்கும். என்ன சாப்பிடுகிறீர்கள், எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்று எல்லோரும் கேட்கிற கேள்விகளைக் கேட்டார். அக்கா எல்லோரிடமும் சொல்லும் பதிலைச் சொன்னாள். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் உடம்புக்குள் என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று அக்காவின் மேல்கையின் பின்பக்கம் வெள்ளையாக ஒரு வில்லையை ஒட்டினார். பெரிய கோட்டுப் பட்டன் அளவு இருக்கும். பதினாலு நாள் அங்கேயே இருந்து, இரவு பகல் பாராமல் அது சர்க்கரையைக் குறித்துக்கொண்டே இருக்குமாம்.

"இந்த சைஸ் பட்டனுக்குக் காஜா எடுத்தா சட்டையில துணியே மிஞ்சாது" என்றாள் அக்கா. டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

பதினாலு நாள் கழித்து அந்தச் சிரிப்பைக் காணோம். கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். ஒரு கோடு ஏறி ஏறி இறங்கியது. சில இடத்தில் ஏறி, இறங்க மறந்து அப்படியே நின்றது.

"முதல் வாரம் பாருங்க. தினமும் நடு ராத்திரி பன்னெண்டு பத்துக்கு ஏற ஆரம்பிக்குது. விடியற வரைக்கும் இறங்கல. அந்த நேரத்துல என்ன பண்றீங்க?"

"அது அவரு வர்ற நேரம்" என்றாள் அக்கா.

"சரி. ரெண்டாவது வாரம் விடியக்காலைல நாலு மணிக்கு ஏறுதே?"

"அது அவரு போற நேரம்."

"நான் அவரைக் கேக்கலம்மா. நீங்க என்ன பண்றீங்கன்னு கேக்கறேன்."

"கூட உக்காந்து ஒரு வாய் சாப்பிடுவேன். மனுஷன ஒத்தையா எப்படிச் சாப்பிட விடறது?"

இங்கே அத்தானைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அக்காவின் வீட்டுக்காரர் கண்ணாடி பாட்டில் செய்கிற கம்பெனியில் இருக்கிறார். அங்கே உலையை ஒருமுறை பற்றவைத்தால் வருஷக்கணக்கில் அணைப்பதில்லை. அதனால் காலை, மதியம், இரவு என்று மூன்று ஷிஃப்ட். வாரத்துக்கு ஒன்றாக மாறிக்கொண்டே இருக்கும். பெல்ட்டில் வரிசையாக நகர்ந்து வரும் பாட்டில்களை விளக்குக்கு எதிரே பார்த்து, கீறல் விழுந்ததைத் தட்டித் தள்ளுவது அவர் வேலை. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அதில் நாலு "ம்".

டாக்டரம்மா ஒவ்வொரு மேட்டின் மேலும் விரலை வைத்துக் கேட்டுக்கொண்டே போனார். காலை ஏழு மணி? மகள் பள்ளிக்கூடம் போகும் நேரம், பிள்ளை தனியாகச் சாப்பிட்டால் பாதியில் எழுந்துவிடும். மத்தியானம்? அத்தான் மதிய ஷிஃப்ட் கிளம்புகிற நேரம். நாலரை? மகள் வருகிற நேரம். எட்டரை? மகள் படித்து முடித்துச் சாப்பிடும் நேரம். இரவு ஷிஃப்ட் வாரத்தில் அவர் காலையில் வந்து முழுச் சாப்பாடு சாப்பிடுவார். அதற்கும் ஒரு தட்டு. கூட்டிப் பார்த்தால் சில நாள் ஐந்து வேளை, சில நாள் ஆறு. அக்காவே விரல் விட்டு எண்ணிவிட்டு, "அடியம்மா" என்றாள்.

"ஷிஃப்ட் வேலை பார்க்கறது நீங்களா, அவரா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"அவருதான்."

"இந்தப் படத்தைப் பார்த்தா அப்படித் தெரியல."

பிறகு பொறுமையாகச் சொன்னார். எனக்கே புரிகிற மாதிரி சொன்னார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"உடம்புக்கும் ஆபீஸ் நேரம் இருக்கும்மா. மத்தியானம் ஒரு கரண்டி சாதம் சாப்பிட்டா, கவுன்ட்டர்ல ஆள் இருக்கு, சீக்கிரம் வேலை முடிஞ்சிடுது. அதே ஒரு கரண்டி நடு ராத்திரின்னா கவுன்ட்டர் மூடியாச்சு. ஃபைல் மேஜை மேலயே கிடக்கும். சர்க்கரை ரத்தத்துலயே நிக்குது."

"கொஞ்சந்தானம்மா சாப்பிடறேன்."

"கொஞ்சந்தான். நான் இல்லைங்கல. ஆனா சாப்பாடுங்கறது வெறும் சாப்பாடு இல்ல. இப்ப மணி என்னன்னு உடம்புக்குச் சொல்றதும் அதுதான். நீங்க நாலு மணிக்குத் தட்டுல கை வச்சா, விடிஞ்சிடுச்சுன்னு வயிறும் ஈரலும் முழிச்சுக்கும். கண்ணு பார்த்தா இருட்டா இருக்கு, மூளை ராத்திரின்னு சொல்லும். ஒரே உடம்புக்குள்ள ரெண்டு ஊர் நேரம். அடுத்த வாரம் மூணாவதா ஒரு ஊர். அப்புறம் தூக்கம் கெட்டு, மறுநாள் பசியும் தப்பாத்தான் வரும். எந்த மாத்திரை இதுக்கு ஈடு குடுக்கும்?"

காலை ஏழு மணிக்கு மேல், இரவு ஏழு மணிக்குள், மூன்றே வேளை. தினமும் அதே நேரம். காலையில் எழுந்ததும் நல்ல வெளிச்சத்தில் கொஞ்சம் நடக்க வேண்டும். மாத்திரையில் சின்ன மாற்றம். அவ்வளவுதான் எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் கோழி கொத்துகிற மாதிரி சாப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அத்தான் பார்த்திருக்கிறார். மகள் பார்த்திருக்கிறாள். ஒவ்வொருவரும் பார்த்தது உண்மை. ஆனால் ஆளுக்கு ஒரு தட்டைத்தான் பார்த்தோம். அத்தானைக் கம்பெனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு ரத்தம், கண், இதயம் எல்லாம் சோதிக்கிறது, ஷிஃப்டில் உழைக்கிறவர் என்று. அவருக்கு ஒரு குறையும் இல்லை. அதே ஷிஃப்டை இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கிற அக்கா அந்தக் கம்பெனிப் பதிவேட்டில் இல்லவே இல்லை.

"ஏன்க்கா, யாரு உன்னை எழுந்து சாப்பிடச் சொன்னது?" என்று கேட்டேன். என் குரல் எப்போதும் போல அதட்டலாகத்தான் வந்தது.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள். கல்யாணமான புதிதில் ஒருநாள் நடு ராத்திரி விழித்துப் பார்த்தால் பக்கத்தில் ஆளைக் காணோம். எழுந்து போனால், சமையலறையில் விளக்குப் போடாமல், தொட்டிப் பக்கத்தில் நின்றபடி அவர் அவசர அவசரமாகச் சாதத்தை அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தாராம்.

"அடுத்தவங்க வீட்டுல திருடித் திங்கற மாதிரிடி. இருட்டுல. இனிமே என் உசுரு இருக்கற வரைக்கும் இவரை ஒத்தையா சாப்பிட விடறதில்லைன்னு அன்னிக்கு நினைச்சேன்."



அடுத்த மூன்று வாரம் அந்த வீட்டில் நடந்த கூத்தைச் சொல்ல ஒரு நாள் போதாது. சாப்பிட மாட்டேன், சும்மா கூட உட்காருவேன் என்று முதலில் ஒரு ஏற்பாடு. அத்தானுக்குப் பிடிக்கும் என்று தினமும் வைக்கிற முட்டையை அவர் தட்டில் வைத்துவிட்டு அவள் வெறுங்கையோடு எதிரே உட்கார்ந்திருந்தால் அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அவர் சாப்பிடாமல் தட்டைப் பார்க்க, அவள் அவர் முகத்தைப் பார்க்க, கடைசியில் "சரி, ஒரு வாய்" என்று முடிந்தது. அப்புறம் அத்தான் ஒரு யோசனை செய்தார். கம்பெனி கேன்டீனிலேயே சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு வந்தார். அக்கா அவர் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டுப் பொய் என்றாள். அன்றைக்கு அவரைத் திட்டிக்கொண்டே சுட வைத்துப் போட்டாள். திட்டிய களைப்பில் தானும் சாப்பிட்டாள். மகள் சமையலறைக் கதவுக்குப் பூட்டு வாங்கி வந்தாள். சாவியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அம்மாவிடமே கொடுத்தாள்.

"சித்தி, நீங்களே வந்து சொல்லுங்க, என்னால முடியல" என்று அந்தப் பெண் என்னிடம் வந்து அழுதாள். விரலில் குத்திப் பார்த்தால் காலையில் வெறும் வயிற்றில் இருநூற்றுப் பத்து. வில்லை ஒட்டிய பதினாலு நாளையும் சேர்த்தால் மூன்று மாதத்தில் ஐந்து வாரம் போயே போய்விட்டது. அக்கா இப்போது நூல் கோக்க முயற்சி செய்வதைக்கூட நிறுத்திவிட்டாள். ஊசிப் பெட்டியை மூடி அலமாரியில் வைத்துவிட்டதைப் பார்த்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. அத்தானுக்கு விடுமுறை. கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அக்கா கீழே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அத்தான், உங்க வயிறு நிறையறதுக்கு என் அக்கா கண்ணைக் குடுக்கணுமா? நாலு மணிக்குச் சோறு இல்லன்னா செத்தா போயிடுவீங்க? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வேணாம்னு சொல்ல உங்களுக்கு வாய் வராதா?"

"ஏய், வாயை மூடுடி" என்றாள் அக்கா.

நான் சொன்னது அநியாயம்தான். சொல்லும்போதே தெரிந்தது. ஆனால் வந்த வார்த்தையை எங்கே அள்ளுவது. அத்தான் டம்ளரைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்துத்தான் பேசினார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"எனக்கு அந்த நேரத்துல பசிச்சதே இல்லம்மா."

அக்கா துணியை மடிப்பதை நிறுத்தினாள்.

"நாலு மணிக்கு யாருக்கு இறங்கும்? வயித்தைப் புரட்டும். ராத்திரி வந்தாலும் கட்டையைச் சாய்ச்சா போதும்னு இருக்கும். சாப்பிட்டுப் படுத்தா நெஞ்சு எரியும். கம்பெனில என் பெட்டியைத் திறந்து பாரு, பாதி இடம் வயித்தெரிச்சல் மாத்திரைதான். ஆனா நீ தூக்கத்தை விட்டு எழுந்து, அடுப்பைப் பத்த வச்சு, சுட வச்சு, ரெண்டு தட்டைப் போட்டு உக்காந்திருப்ப. வேணாம்னு எப்படிச் சொல்றது? நீயும் ஆசையாத்தான் சாப்பிடறன்னு நினைச்சேன். நான் எழுந்துட்டா நீயும் பாதியில எழுந்திடுவன்னு நான் முழுசா சாப்பிடுவேன்."

"ஆசையா?" என்றாள் அக்கா. "நானா?"

மகள் கதவோரம் நின்றிருந்தாள்.

"அப்ப அன்னிக்கு?" அக்காவின் குரல் எழும்பவில்லை. "கல்யாணமான புதுசுல, இருட்டுல நின்னுகிட்டு அள்ளி அள்ளிப் போட்டுக்கிட்டீங்களே. பசி இல்லாமலா?"

அத்தான் யோசித்தார். அவருக்கு அது நினைவே இல்லாதது போலிருந்தது. பிறகு நினைவு வந்துவிட்டது.

"அன்னிக்கும் பசி இல்லம்மா. நீ புதுசா வந்திருக்க. செஞ்சு மூடி வச்சதை அப்படியே விட்டா காலைல பார்த்து வருத்தப்படுவன்னு, முடிச்சிட்டுப் படுத்துடலாம்னு நின்னுகிட்டே முழுங்கினேன். விளக்குப் போட்டா நீ எழுந்திடுவ."

இருபத்திரண்டு வருஷம். எனக்கு எங்கே முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. அவளுக்காக அவர் தின்றார், அவருக்காக அவள் தின்றாள். பசித்தவர் ஒருவரும் இல்லை. சண்டைக்காரப் புருஷன் பெண்டாட்டியாக இருந்திருந்தால் முதல் வாரமே ஒருவர் தட்டைத் தள்ளிவிட்டுப் போய்ப் படுத்திருப்பார். கண் தப்பியிருக்கும்.

"அந்த முட்டை?" என்றாள் அக்கா.

"முட்டை பிடிக்கும். நாலு மணிக்குப் பிடிக்காது."

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். மடித்த துணியெல்லாம் சரிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மகளும் சிரித்தாள். பிறகு பார்த்தால் அக்கா சிரிக்கவில்லை. ஒரு துண்டை எடுத்து அத்தான் மேல் வீசினாள். "சொல்லித் தொலைக்கறதுக்கென்ன" என்று ஒரு சட்டையை வீசினாள். கையில் கிடைத்ததெல்லாம் போனது. அத்தான் அப்படியே உட்கார்ந்து மேலே விழுந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக மடித்து வைத்தார்.

அன்று மாலையே நான் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்தேன். முப்பத்தாறு வகுப்புக்கு டைம்டேபிள் போடுகிறவள் நான். ஒரு வீட்டுக்குப் போட மாட்டேனா. அக்காவுக்கு ஏழரை, பன்னிரண்டு, ஆறே முக்கால். அத்தானுடைய மூன்று ஷிஃப்டையும் அதன் மேல் வைத்துப் பார்த்தேன். காலை ஷிஃப்ட் வாரம் அவர் மாலையில் வீட்டில் இருப்பார். ஆறே முக்கால் சாப்பாடு சேர்ந்து. மதிய ஷிஃப்ட் வாரம், கிளம்பும் முன் பன்னிரண்டு மணிச் சாப்பாடு சேர்ந்து. இரவு ஷிஃப்ட் வாரம் காலை ஏழேகாலுக்கு வந்துவிடுவார். ஏழரை மணிக்குச் சேர்ந்து, ஆனால் மலை மாதிரி குவிக்காமல், கொஞ்சமாக. எந்த வாரமானாலும் ஒரு வேளை இருவருக்கும் பொதுவாக வந்தது. மகளைத் தனியாகச் சாப்பிடப் பழகிக்கொள்ளச் சொன்னேன். "பதினேழு வயசாச்சு சித்தி, நான் எப்பவோ பழகிட்டேன், அம்மாதான் விடல" என்றாள்.

அத்தான் பகலில் தூங்குவதற்காக அந்த வீட்டின் எல்லா ஜன்னலிலும் கனத்த கறுப்புத் துணி தொங்கும். படுக்கும் அறையைத் தவிர மற்ற இடத்துத் துணிகளையெல்லாம் அவரே ஏறிக் கழற்றினார். காலையில் அக்கா நடக்கப் போனாள். மகள் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தாள்.

சொன்னவுடன் கேட்க உடம்பு என்ன வேலைக்காரனா? ராத்திரி பன்னிரண்டு மணி ஆனால் அக்காவின் வயிறு அலாரம் வைத்த மாதிரி கூவியது. அந்த வாரம் அத்தான் வீட்டில்கூட இல்லை, நைட் ஷிஃப்டில் இருந்தார். அப்படியும் பசித்தது. தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துக் கிடந்தாள். நாலு மணிக்கு மறுபடி. "பழைய ஆபீஸ்காரங்க வந்து கதவைத் தட்டறாங்க" என்று டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னாள். "பத்து நாள் தட்டுவாங்க, திறக்காதீங்க, அப்புறம் போயிடுவாங்க" என்றார் அவர். பன்னிரண்டு நாள் தட்டினார்கள். மூன்றாவது வாரம் ஒருநாள் காலை ஏழு மணிக்கு அவளே எனக்குப் போன் செய்து, "ஏண்டி, எனக்கு இப்ப பசிக்குதுடி" என்றாள். அறுபது வயதுக்காரி மாதிரி இருந்த குரல் பழையபடி ஆகியிருந்தது. அவளுக்கு நாற்பத்தாறுதான்.

அத்தான் விஷயத்திலும் அவளுக்கு ஒரு தொல்லை இருந்தது. அவர் நாலு மணிக்கு ஓசைப்படாமல் எழுந்து கிளம்பினால், இவள் படுக்கையில் விழித்துக்கொண்டு தட்டுச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். கேட்காது. அது அவளுக்கு வலித்தது என்று என்னிடம் சொன்னாள். அவருக்குப் பசியில்லை என்று தெரிந்த பிறகும் வலித்ததாம். நான் அவளைக் கிண்டல் செய்யவில்லை. எனக்கும் அதைக் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

மூன்று மாதக் கெடு முடிகிற வாரம் ரத்தம் கொடுத்தோம். சீட்டை நான்தான் வாங்கினேன். அவளால் படிக்க முடியாதே. ஏழு புள்ளி ஒன்பது. எட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு தலைமுடி நுழையாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, அத்தனை பேர் முன்னாலும் நான் சத்தம் போட்டு அழுதேன். "ஏறிடுச்சா, ஏறிடுச்சாடி?" என்று அக்கா என் கையைப் பிடித்து உலுக்கினாள். பக்கத்தில் நின்ற நர்ஸ்தான் சீட்டை வாங்கிப் படித்துச் சொன்னாள்.

கண் டாக்டர் சொன்ன சொல் தவறவில்லை. அடுத்த வாரமே தேதி கொடுத்தார். வலது கண் மெதுவாகத் தெளிந்தது. முதல் வாரம் புகை, அடுத்த வாரம் உருவம், பிறகு எழுத்து. இடது கண் போனது போனதுதான். யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் அவள் இப்போது தலையைக் கொஞ்சம் திருப்பித்தான் பார்க்கிறாள். அந்தத் திருப்பலைப் பார்க்கும்போதெல்லாம் மாவு டப்பாவில் கையை விட்டு நின்றது எனக்கு நினைவு வருகிறது. அவளிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அதெல்லாம் வழக்கமில்லை.

ஆபரேஷன் முடிந்து ஐந்தாவது வாரம், ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கூடம் அரை நாள். அக்கா என்னைச் சாப்பிட வரச் சொல்லியிருந்தாள். அத்தானுக்கு மதிய ஷிஃப்ட். சரியாகப் பன்னிரண்டு மணிக்கு மூன்று தட்டு. ஜன்னல் வழியாக வெயில் தட்டு வரைக்கும் வந்து விழுந்தது. அத்தான் குனிந்து தன் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா அவர் பக்கம் தலையைத் திருப்பி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரமாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, ஒரு பக்கமாவே மெல்றீங்க?"

"இந்தப் பக்கம் பல்லு இல்ல."

"இல்லையா? எப்பலேர்ந்து?"

"அது ஆச்சு நாலு வருஷம். ரெண்டு பல்லு."

அக்காவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"நாலு வருஷமா? தினமும் உங்க எதிர்லதான உக்காந்து சாப்பிட்டேன்?"

அத்தான் நிமிர்ந்தார். அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். கேன்டீன் பொய்யே அவருக்கு ஒழுங்காக வரவில்லை.

"நீ தூங்கிக்கிட்டேதானம்மா சாப்பிடுவ" என்றார். "கண்ணு பாதி மூடியிருக்கும். பார்க்கவே பாவமா இருக்கும்."

அக்கா அவரையே பார்த்தாள். நல்ல கண்ணிலிருந்தும் கெட்ட கண்ணிலிருந்தும் ஒரே மாதிரி தண்ணீர் இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கினாள்.

"கண்ணுல கை வைக்காத!" என்று நானும் அத்தானும் ஒரே நேரத்தில் கத்தினோம். டாக்டர் ஆறு வாரத்துக்குக் கண்ணைத் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார்.

தூக்கிய கையை அவள் மெல்ல இறக்கினாள். கண்ணைத் துடைக்காமல், அவரைப் பார்த்துக்கொண்டே, தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தாள்.